இழுத்த கண்ணாடியும் ஊதிய கண்ணாடியும்

ஆனி பிறந்து சாரல் கட்டிவிட்டால் குற்றாலத்துக் கடைத்தெருவுக்குத் தனிக் களை வந்துவிடும். நேந்திரங்காய் சிப்ஸ், ரம்புட்டான், மங்குஸ்தான் குவியல்களுக்கு நடுவே மூன்று சரக்குகள் எந்தக் கடையிலும் தவறாமல் தொங்கும்: வளையல், பாசிமணிச் சரம், மூலிகைத் தைலக் குப்பி. பிளாஸ்டிக் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டாலும் மூன்றிலும் கண்ணாடி இன்னும் இருக்கிறது. மூன்றும் மூன்று வழியில் உருவானவை. வளையல் சுற்றியெடுத்தது, மணி இழுத்தது அல்லது சுற்றியது, குப்பி ஊதியது.

கண்ணாடித் தொழில் என்றதும் நம் மனத்தில் எழும் படம் ஒன்றுதான்: நீளக் குழாயின் முனையில் செக்கச்சிவந்த குமிழ், மறுமுனையில் கன்னம் உப்ப ஊதும் ஓர் ஆள். அந்தப் படம் வெனிஸிலிருந்து வந்தது, அதற்கும் முன்னால் சிரியாவிலிருந்து வந்தது. தமிழ்நாட்டிலோ 2,000 ஆண்டுகளுக்கும் மேலான கண்ணாடி வரலாற்றில் ஊதுவதற்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. நம்மவர்கள் கண்ணாடியை இழுத்தார்கள், சுற்றினார்கள், வெட்டினார்கள், பாத்திரமாக ஊதவில்லை. தெரியாமல் விட்டார்களா, வேண்டாமென்று விட்டார்களா?

அதற்குள் போகுமுன் சரக்கின் குணத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கண்ணாடியின் உடம்பு மணல், அதாவது சிலிக்கா. வெறும் மணலை உருக்க 1,700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். பழைய விறகு உலைகள் 1,000, 1,100 டிகிரியை எட்டினாலே பெரிய காரியம். அதனால் உருகுநிலையை இறக்கச் சோடா உப்பு சேர்த்தார்கள். நம் பக்கத்தில் அதற்கு உவர்மண் இருந்தது, சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுக்க எடுத்த அதே மண். மணலும் சோடாவும் மட்டுமானால் அந்தக் கண்ணாடி தண்ணீரில் கரையும். சுண்ணாம்புச் சத்து கலந்தால்தான் நிற்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைக்கும் பழைய மணிகளை வேதியியலார் பகுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: அவற்றில் அலுமினா மிகுதி. ரோமானியக் கண்ணாடியில் அந்த அளவு இருப்பதில்லை. நம் மணல் கருங்கல் பாறை தேய்ந்து வந்தது, அதில் களிக்கல் கனிமங்கள் அதிகம். எங்கோ தாய்லாந்தில் ஒரு சிவப்பு மணி கிடைத்தாலும் அதன் சரக்கு இந்தப் பக்கத்து மண்ணா என்று சொல்ல முடிவது இதனால்தான்.

நிறங்களும் கனிமக் கணக்குதான். நீலத்துக்குக் கோபால்ட் அல்லது செம்பு, ஊதாவுக்கு மாங்கனீஸ், பச்சைக்கு இரும்போ செம்போ, மஞ்சளுக்கு ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த கூட்டு. கஷ்டமானது செங்கல் நிறச் சிவப்பு. அதற்கும் செம்புதான் வேண்டும், ஆனால் உலைக்குள் காற்று குறைவாக இருக்க வேண்டும். காற்று கூடினால் சிவப்பு பச்சையாகிவிடும். வெப்பமானி இல்லாத காலத்தில் புகையின் நிறத்தைப் பார்த்தே அதைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள்.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். அவருக்கு வேண்டியது ரோமானியப் பானை. அதை வைத்து தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு காலக்கணக்குப் போட்டார். பிறகு 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. ரோமானிய வணிகத்தைப் பற்றிப் பேசிப் பேசியே பல பத்தாண்டுகள் கழிந்தன. காலடியில் இறைந்து கிடந்த கடுகும் மிளகும் போன்ற மணிகளுக்கு முறையான மரியாதை வாங்கிக் கொடுத்தவர் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க மணி ஆய்வாளர். இவற்றுக்கு அவர் 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டார். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கிழக்கே இந்தோனேசியத் தீவுகள் வரை இவை கிடைக்கின்றன. அந்தத் தீவுகளில் சிலவற்றில் செம்மணிகளை 'முத்திசாலா' என்று சொல்லிக் குடும்பச் சொத்தாகக் காக்கிறார்கள். அரிக்கமேடு தனி அதிசயமும் அல்ல. பழனி அருகே பொருந்தலில் 2009-10இல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகள் வந்தன. கீழடியிலும் மணிகள் கிடைத்திருக்கின்றன.

இவ்வளவு மணிகளை எப்படிச் செய்தார்கள்? இந்தப் புதிருக்கு விடை திருப்பதி பக்கத்துப் பாப்பநாயுடுபேட்டையில் இருந்தது. அந்தக் கிராமத்தில் பழைய முறை இருபதாம் நூற்றாண்டின் கடைசி வரை கையிலேயே உயிரோடு இருந்ததைப் பிரான்சிஸ் நேரில் பார்த்து எழுதினார். உருகிய கண்ணாடியை 'லாடா' எனும் நீண்ட இரும்புக் குழாயின் முனையில் பெரிய உருண்டையாகத் திரட்டுவார்கள். தூக்க ஒருவர் போதாது. உருண்டையைத் தட்டிலே உருட்டிக் கூம்பாக்கி, குழாய்க்குள் ஒரு கம்பியைச் செலுத்திக் கூம்பை நடுவில் துளைப்பார்கள். துளை விழுந்த கூம்பை மறுபடி உலைக்குள் நீட்டி வைப்பார்கள். உலையின் எதிர்ப்பக்கத்து ஓட்டையில் உட்கார்ந்திருக்கும் கைதேர்ந்தவர், கொக்கியால் கூம்பின் நுனியைத் தொட்டு இழுப்பார். சவ்வுமிட்டாய் மாதிரி அது வரும். உள்ளே துளை இருப்பதால் வருவது கம்பி அல்ல, மெல்லிய குழாய். அதன் பிறகு இரண்டு கையாலும் மாற்றி மாற்றி, கூம்பு தீரும் வரை, மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருப்பார். இழுக்கும் வேகம்தான் பருமன். கொஞ்சம் வேகமாக இழுத்தால் மணி சிறுத்துவிடும், தயங்கினால் குழாய் தடித்துவிடும்.

குழாயைத் துண்டுகளாக ஒடித்து, கத்தி விளிம்பின்மேல் கத்தையாக வைத்துத் தட்டிப் பொடிப்பொடியாக நறுக்குவார்கள். நறுக்கியவற்றின் ஓரம் சதையைக் கிழிக்கும். ஓரம் மழுங்க மறுபடி சூடு காட்ட வேண்டும், ஆனால் சூடு பட்டால் துளை அடைபடும், ஒன்றோடொன்று ஒட்டும். அதற்குச் சாம்பல். மணிகளைச் சாம்பலில் புரட்டி, துளைக்குள் சாம்பல் புகும்படி செய்து, சட்டியில் போட்டுக் கிளறுவார்கள். பிறகு சாம்பலைத் தட்டி உதறி, கழுவி, நூலில் கோப்பார்கள். ஒரு கூம்பிலிருந்து கணக்கில்லாத மணிகள். ஒவ்வொன்றாக உருட்டிச் செய்பவர்களால் இந்த விலையில் விற்க முடியாது. கடல்கடந்த வணிகத்தில் அரிக்கமேட்டு மணி நின்றதன் காரணம் அழகைவிட இந்தக் கணக்குதான் என்பது என் எண்ணம்.

இழுத்த மணியையும் சுற்றிய மணியையும் பிரித்தறிய ஒரு உருப்பெருக்கி லென்ஸ் போதும். இழுத்த மணியில் காற்றுக்குமிழிகளும் நிறக்கோடுகளும் துளைக்கு இணையாக நீளவாட்டில் ஓடும். சூடான கண்ணாடியைக் கம்பியில் சுற்றிச் செய்த மணியில் அவை துளையை வளைத்து ஓடும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் மணியில் நடுவே ஒரு தையல் விளிம்பு தெரியும். தொட்டால் கண்ணாடி மாதிரிக் குளிராது. குற்றாலத்தில் நரிக்குறவர் விரித்திருக்கும் பாசிமணி, ஊசிமணிச் சரங்களில் மூன்றும் கலந்தே இருக்கும். இன்றைய கண்ணாடி மணிகளில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்துச் சரக்கு: காசியில் சுடர் விளக்கில் செய்தவை, புர்தில்நகரில் உலையில் செய்தவை. குற்றாலக் குறவஞ்சியில் சிங்கனும் சிங்கியும் அணிகலன்களை வைத்து நடத்தும் கேள்வி பதிலை மேடையில் பார்த்தவர்களுக்கு, மணியும் குறத்தியும் இந்த ஊரில் பிரியாதவை என்பது தெரியும். அதை எழுதிய திரிகூடராசப்பக் கவிராயர் காலத்துக் குறத்தியின் கழுத்து மணி எங்கே இழுக்கப்பட்டது என்று எழுத இலக்கியத்தில் இடமில்லை.

வளையலின் பாதை வேறு. 1800-01இல் மைசூர்ச் சீமையைச் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், சித்ரதுர்கா பக்கத்து மத்தோடு என்ற ஊரில் உள்ளூர் மண்ணிலிருந்தே கண்ணாடி உருக்கி வளையல் செய்ததை எழுதிவைத்தார். அந்தத் தொழில் போய்விட்டது. இன்று குற்றாலத்தில் தொங்கும் கண்ணாடி வளையலுக்குத் தாய்வீடு பிரோசாபாத். அங்கே உருகிய கண்ணாடிக் கட்டியிலிருந்து நூலாக இழுத்து, சுழலும் உருளையின்மேல் விழவிட்டால் அது சுருள்கம்பியாகச் சுற்றிக்கொள்ளும். குளிர்ந்த சுருளின் நெடுக ஒரு கீறல் போட்டால் நூற்றுக்கணக்கான திறந்த வளையங்கள். அவற்றை வீட்டுப் பெண்கள் விளக்குச் சுடரில் காட்டி மட்டப்படுத்தி, இரு முனையையும் ஒட்டுவார்கள். வளையலில் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒட்டை நகத்தால் தடவிப் பார்த்தால் தட்டுப்படும். உடையும்போதும் பெரும்பாலும் அங்கேதான் உடையும். ஆக, வளையலும் இழுத்த கண்ணாடிதான்; இழுத்ததைச் சுற்றியிருக்கிறார்கள், அவ்வளவே.

இனி ஊதுவதற்கு வருவோம். கி.மு. முதல் நூற்றாண்டில், மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில், கண்ணாடிக் குழாயை ஊதினால் குமிழாகும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். இரும்பு ஊதுகுழல் வந்ததும் குப்பியின் விலை சரிந்தது. அச்சில் வார்த்தும் அச்சின்மேல் சரிந்து படியவிட்டும் ஒரு கிண்ணம் செய்யும் நேரத்தில் பல குப்பிகளை ஊத முடிந்தது. அதே நூற்றாண்டுகளில்தான் ரோமானியக் கப்பல்கள் முசிறிக்கும் அரிக்கமேட்டுக்கும் வந்தன. 'செங்கடல் பயணக் குறிப்பு' முசிறியில் இறங்கிய சரக்குகளில் பண்படுத்தாத கண்ணாடியையும் குறிக்கிறது. அரிக்கமேட்டிலும் கேரளத்தில் பட்டணம் என்ற ஊரிலும் ரோமானிய வரிவிளிம்புக் கிண்ணங்களின் சில்லுகள் கிடைத்தன. கண்ணாடிப் பாத்திரம் நம்மவர் கண்ணில் பட்டது. கச்சாக் கண்ணாடிக் கட்டி கையிலும் கிடைத்தது. தெரியாமல் விட்டார்கள் என்ற வாதம் நிற்காது. வியப்பு என்னவென்றால், மூத்த பிளினி இந்தியக் கண்ணாடியே சிறந்தது என்றும் அது உடைந்த பளிங்கிலிருந்து செய்யப்படுகிறது என்றும் எழுதியிருக்கிறார். காரணம் தப்பு, புகழ் உண்மை.

அடுத்த வாதம் சரக்கின் குணம். அலுமினா மிகுந்த கண்ணாடி தடித்து ஓடும், எளிதில் இளகாது. இழுக்க ஏற்றது, ஊத ஏற்றதல்ல என்பார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் குஜராத்தில் கபட்வஞ்சில் உள்ளூர் உவர்மண்ணை வைத்தே பெரிய பந்துகளை ஊதினார்கள். அவற்றின் உள்ளே உலோகப் பூச்சு விட்டு, உடைத்து, சட்டைக்கும் பாவாடைக்கும் தைக்கும் சிறு கண்ணாடிச் சில்லுகளாக்கினார்கள். சரக்கு தடை என்றால் அவர்களையும் தடுத்திருக்க வேண்டும்.

வாயால் ஊதுவது எச்சில் என்று ஒதுக்கியிருப்பார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதை நான் ஒப்பவில்லை. தமிழ்நாட்டுப் பொற்கொல்லர் ஒவ்வொருவரிடமும் ஊதுகுழல் இருந்தது. விளக்குச் சுடரை வாயால் ஊதித் தாலிக்கும் தோட்டுக்கும் பற்றுவைத்தார்கள். திருமாங்கல்யத்துக்கு ஆகாத எச்சில் தைலக் குப்பிக்கு ஆகாமல் போகுமா?

மிச்சம் இருப்பது தேவை. நம் வீட்டில் நீருக்கு மண்பானை, எண்ணெய்க்குப் பித்தளைத் தூக்கு, பாலுக்கு வெண்கலம், ஊறுகாய்க்குச் சாடி. குயவரும் கன்னாரும் எல்லாத் தேவையையும் தீர்த்துவிட்டார்கள். உடையும் பாத்திரத்துக்கு அங்கே வேலை இல்லை. மாறாக, மணி எடை குறைவு, கப்பலில் உடையாது, அணி என்பதால் எங்கும் விலை போகும். ஒரே உலை, ஒரே சரக்கு. எதில் பிழைப்பு ஓடியதோ அதைச் செய்தார்கள். பல நூற்றாண்டு ஒரு வேலையில் கை பழகிவிட்ட கூட்டம் வேறு கருவிக்குத் தாவ வேண்டிய கட்டாயமும் வரவில்லை. மற்ற காரணங்கள் இதற்குத் துணையாக இருந்திருக்கலாம், முதல் காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

குற்றாலம் இருக்கும் தென்காசி மாவட்டத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடியிலும் ஒரு பங்கு சொல்கிறார்கள். கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடி செய்யும் குடும்பங்களின் வழிவழிக் கதைப்படி, அவர்களின் முன்னோர் எட்டுக் குடும்பங்களாக இந்த மாவட்டத்துச் சங்கரன்கோவிலிலிருந்து அங்குள்ள பார்த்தசாரதி கோயில் வேலைக்குப் போனவர்கள். அந்தக் கண்ணாடியில் மணலே கிடையாது. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம், வெள்ளீயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அந்த அளவில் கலந்தால் உலோகம் வெள்ளை வெளேரென்று ஆகும். கண்ணாடி போலவே நொறுங்கவும் செய்யும். களிமண் அச்சில் வார்த்து, நாள்கணக்கில் எண்ணெயும் துணியும் வைத்துத் தேய்ப்பார்கள். பிம்பம் மேல்பரப்பிலேயே விழுவதால் விரல் நுனியை வைத்தால் விரலும் நிழலும் ஒட்டிக்கொண்டு நிற்கும்; வீட்டுக் கண்ணாடியில் இடையே ஓர் இடைவெளி தெரியும், அதுதான் கண்ணாடியின் தடிமன். புவிசார் குறியீடு பெற்ற முதல் வரிசைப் பொருள்களில் இதுவும் ஒன்று.

ஊதிய கண்ணாடி நம் தெருவுக்குப் பெரிய அளவில் வந்தது இங்கிலீஷ்காரர் காலத்தில், சோடாவோடு. ஹிராம் காட் 1872இல் காப்புரிமை வாங்கிய குப்பியைத்தான் நாம் கோலி சோடா என்று சொந்தமாக்கிக்கொண்டோம். அந்தக் குப்பியை யோசித்துப் பார்த்தால் கண்ணாடிக்காரரின் கெட்டிக்காரத்தனம் புரியும். அச்சுக்குள் ஊதி, கழுத்தில் இரண்டு பக்கமும் உள்ளே கிள்ளி, கோலியைப் போட்டு, பிறகு வாய் விளிம்பைக் கோலி வெளியே வராத அளவுக்குக் குறுக்க வேண்டும். வாயின் உட்காடியில் ரப்பர் வளையம். குப்பியைக் கவிழ்த்து வாயு ஏற்றும்போது கோலி வளையத்தில் அமரும், உள்ளிருக்கும் அழுத்தமே அதை அங்கே பிடித்துவைக்கும். மூடி தேவையில்லை. கட்டைவிரலால் அமுக்கினால் வரும் சத்தம் தென்மாவட்டப் பேருந்து நிலையங்களில் பழகாத காது உண்டா? கிள்ளிய பள்ளத்தில் கோலியைத் தங்கவைத்துக் குடிக்கத் தெரியாதவர் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். குப்பி ஊதும் வேலையை 1903இல் ஓவன்ஸ் இயந்திரம் மனித வாயிலிருந்து பறித்தது. இப்போது உருகிய கட்டி ஒன்று அச்சில் விழும், அழுத்தக் காற்று அதை ஊதும். தைலக் குப்பி அப்படிப் பிறந்ததுதான். அதன் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோடு அச்சின் மூட்டு.

வாயால் ஊதும் ஆள் அடியோடு போய்விடவில்லை. கல்லூரி, பல்கலைக்கழக வேதியியல் துறைகளுக்குள் இருக்கிறார். சென்னை ஐஐடியில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. அங்கே சாதாரணக் கண்ணாடி எடுபடாது. போரான் கலந்த போரோசிலிகேட் வேண்டும். அது சூட்டில் விரிவது சாதாரணக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் திடீர்ச் சூட்டுக்கு விரிசல் விடாது. ஒரு டியூபின் நடுவில் இன்னொரு டியூபை 'டி' வடிவில் ஒட்டுவதைப் பாருங்கள். ஒரு முனையைக் கார்க்கால் அடைத்து, மறுமுனையில் ரப்பர் குழாயை மாட்டி அதை வாயில் வைத்துக்கொள்வார். ஆக்ஸிஜன் கலந்த சுடரைக் கூராக்கி ஒரு புள்ளியில் காட்டுவார். புள்ளி இளகியதும் ஓர் ஊது. காகிதத் தடிமனில் ஒரு கொப்புளம் எழும். அதை உடைத்து ஓரத்தை வழித்து, வந்து சேரும் டியூபின் வாயையும் சூடாக்கிப் பொருத்துவார். பொருத்தியதும் கண்ணாடி உள்பக்கம் திரளும். அப்போது மெல்ல ஊத வேண்டும், உடனே லேசாக இழுக்கவும் வேண்டும், இரண்டும் ஒரே மூச்சில். சுடரில் சோடியம் மஞ்சளாக எரிந்து கண்ணைக் கூசும் என்பதால் அந்த மஞ்சளை மட்டும் வெட்டும் டிடிமியம் கண்ணாடியை அணிந்திருப்பார்.

ஒட்டு முடிந்தவுடன் வேலை முடிவதில்லை. வெளிப்பக்கம் முதலில் குளிர்ந்து, உள்பக்கம் பின்னால் குளிர்ந்தால் கண்ணாடிக்குள் இழுபறி நிற்கும். இரண்டு நாள் கழித்து யாரும் தொடாமலே தெறிக்கும். அதனால் 560 டிகிரி அளவில் அடுப்பில் வைத்து மெல்ல மெல்ல ஆறவிடுவார்கள். ஆய்வகங்களில் இதற்கு 'அனீலிங்' என்றே பெயர். மணிக்கு இந்தத் தொல்லை குறைவு, சிறிசாக இருப்பதால் சீக்கிரம் சமமாக ஆறிவிடும். ஜவுளிக்கடைப் பெயரையும் தியேட்டர் பெயரையும் நியான் குழாயில் வளைத்துக் கொடுத்தவர்களும் இதே வகைக் கலைஞர்கள்தான். வளைவில் துளை நசுங்காமலிருக்க வாயில் குழாய் வைத்து ஊதிக்கொண்டே வளைப்பார்கள். எல்இடி அவர்களுடைய பிழைப்பை முடித்துவைத்தது.

தட்டைக் கண்ணாடியின் கதை சீக்கிரம் முடியும். முன்பு உருளையாக ஊதி, நெடுக அறுத்து, விரித்துத்தான் ஜன்னல் கண்ணாடி செய்தார்கள். பழைய பங்களா ஜன்னலில் மரம் நெளிந்து தெரிவது அந்தக் காலத்து வேலையின் ஏற்ற இறக்கத்தால்தான், கண்ணாடி காலப்போக்கில் கீழே வழிந்ததால் அல்ல. 1959இல் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த முறையில் கண்ணாடி உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதந்து தானே மட்டமாகிறது. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபன் ஆலை 2000 முதல் அப்படித்தான் செய்கிறது.

தென்காசி மாவட்டத்தின் கண்ணாடி இவற்றில் எதிலும் அடங்குவதில்லை. தீப்பெட்டியின் உரசுபட்டையில் கண்ணாடித்தூள் இருக்கிறது. சங்கரன்கோவில் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலில் அது அன்றாடச் சரக்கு. அளவில் பெரியது வேறொன்று: செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாயும் தென்மேற்குக் காற்றை நம்பி, தென்காசி, கடையநல்லூர், சுரண்டை வட்டாரத்தில் நிற்கும் காற்றாலைகள். அவற்றின் இறக்கைகள் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தவை. உருகிய கண்ணாடியைப் பிளாட்டினக் கலப்புத் தட்டிலுள்ள நுண்துளைகள் வழியே விட்டு, மனிதமுடியைவிட மெல்லியதாக, கண்மூடித் திறப்பதற்குள் பல மீட்டர் வேகத்தில் இழுக்கிறார்கள். இதிலும் வேகம்தான் பருமன். பாப்பநாயுடுபேட்டைக் கைகள் செய்ததைச் சுழலும் உருளை செய்கிறது. ஊதுவதற்கு இங்கும் இடமில்லை.

1990களில் நட்ட சிறிய காற்றாலைகளுக்கு வயதாகிவிட்டது. அவற்றை மாற்றிப் பெரியவற்றை வைக்கத் தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. கழற்றிய இறக்கைகளை என்ன செய்வது என்பதுதான் இப்போதைய கேள்வி. உடைந்த குப்பிக்கு வழி உண்டு: நொறுக்கி உலையில் போட்டால் புதுச் சரக்கைவிடக் குறைந்த சூட்டில் உருகும், கலவையில் 10 விழுக்காடு சில்லு சேர்த்தாலே எரிபொருள் ஏறக்குறைய 3 விழுக்காடு மிச்சமாகும். அதனால்தான் காலிக் குப்பிக்கு விலை உண்டு. 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் குப்பிக்கு 10 ரூபாய் வைப்புத்தொகை வாங்கத் தொடங்கியதும், யானைக் காலில் சில்லு ஏறுவதைத் தடுக்க அந்த விலையைப் பயன்படுத்தித்தான். அருவிக்கரைப் பாறைகளுக்கும் அந்தத் திட்டம் ஆகும். இறக்கையிலிருக்கும் கண்ணாடி அப்படி வராது. சூட்டில் இறுகிய பிசின் மறுபடி இளகாது, இழையைப் பிரித்தெடுத்தாலும் வலு பாதியாகிவிடும். அறுத்து, துண்டாக்கி, சிமென்ட் சூளையில் எரிப்பதே ஐரோப்பாவில் பழகிய வழி: பிசின் எரிபொருளாகும், இழையிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்பும் சிமென்ட் சரக்கோடு சேர்ந்துவிடும். தாழையூத்தில் 1949 முதல் சிமென்ட் ஆலை ஓடுகிறது, தென்காசியிலிருந்து லாரியில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அறுக்கும் செலவையும் ஏற்றும் செலவையும் காற்றாலை முதலாளி ஏற்பாரா, சிமென்ட் ஆலை ஏற்குமா, அரசு பாதி கொடுக்குமா என்பதில்தான் இழுபறி நடக்கும்.